கணிப்பொறியில் இடமும் சூரிய நேரமும்

சூரியன் உச்சிக்கு வரும் நேரம் பகல் 12 மணி என்று நமது பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. அஸ்ஸாமின் திப்ரூகரில் படிக்கும் மாணவனும், குஜராத்தின் துவாரகையில் படிக்கும் மாணவனும் இதையே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால் திப்ரூகரில் ஆண்டின் எந்த நாளிலும் சூரியன் 11 மணி 25 நிமிடத்துக்குப் பின் உச்சியைக் கடப்பதில்லை; துவாரகையில் எந்த நாளிலும் 12 மணி 37 நிமிடத்துக்கு முன் கடப்பதில்லை. தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு பெருநகரங்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றுள் ஒன்றிலேனும் கடிகாரம் சரியாகப் பன்னிரண்டு காட்டும்போது சூரியன் உச்சியில் நிற்கும் நாள் ஆண்டு முழுவதிலும் இல்லை. சென்னைக்கு அந்தப் பேறு ஆண்டில் இரு முறை, செப்டம்பர் இறுதியிலும் டிசம்பர் முதல் வாரத்திலும், கிட்டுகிறது.

பாடப்புத்தகத்தில் இருந்தவரை இப்பிழையால் பெருந்தீங்கு ஏதும் விளையவில்லை. இன்று நிலைமை வேறு. வானியல் காட்சி நிரல்கள் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. சூரியக் கதிர்வீச்சு, பயிர்களின் நீர்த்தேவை, கட்டடங்களின் வெப்பம், சூரிய மின்தகடுகளின் விளைவு ஆகியவற்றைக் கணக்கிடும் மென்பொருள்கள் மாவட்ட நிலையில் உள்ள களப்பணியாளரின் கைக்கே எட்டிவிட்டன. இவை அனைத்தும் தொடக்கத்திலேயே இரண்டு வினாக்களைக் கேட்கின்றன. நீ எங்கே இருக்கிறாய்? உன் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுகிறது? முதல் வினாவுக்கு நம்மவர் கவனமாக விடை தருகின்றனர். இரண்டாவதைப் பெரும்பாலும் படிக்காமலே கடந்து செல்கின்றனர். கவனம் தலைகீழாகச் செலவாகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் நேரங்கள் எத்தனை வகை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சூரியன் ஓர் ஊரின் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைப் பன்னிரண்டாகக் கொண்டு எண்ணுவது அவ்வூரின் மெய்ச் சூரிய நேரம். நிழற்கடிகாரம் காட்டுவது இதுவே. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்வாகவும் இருப்பதால், ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிவரை உள்ள பொழுது நாள்தோறும் சிறிது வேறுபடுகிறது. அதனைச் சமன் செய்து, ஒரே சீராக ஓடும் கற்பனைச் சூரியனைக் கொண்டு அளப்பது தல சராசரி நேரம். மெய்ச் சூரியனுக்கும் கற்பனைச் சூரியனுக்கும் உள்ள வேறுபாட்டை நேரச் சமன்பாடு என்பர். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் மெய்ச் சூரியன் ஏறக்குறைய 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்குச் சற்று மேலாக முந்துகிறது. ஏப்ரல், ஜூன் மாதங்களின் நடுவிலும், செப்டம்பர் முதல் நாளையொட்டியும், டிசம்பர் 25 அளவிலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. மூன்றாவதாக உள்ளது இந்தியத் திட்ட நேரம். மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் சராசரி நேரத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது இது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கை அறிந்தவர் எவரும் மூன்றையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றிக்கொள்ளலாம். கடிகார நேரத்தோடு, ஊரின் தீர்க்கரேகை 82½ பாகைக்குக் கிழக்கே எத்தனை பாகையோ அத்தனை நான்கு நிமிடங்களைக் கூட்டி (மேற்கே எனில் கழித்து), பின்னர் அந்நாளுக்குரிய நேரச் சமன்பாட்டைச் சேர்த்தால் மெய்ச் சூரிய நேரம் கிடைக்கும்.

இது களப்பணியாளருக்குப் புதிதன்று. வேளாண் வானிலை நிலையங்களில் காலை 7 மணி, பிற்பகல் 2 மணி அளவீடுகள் தல சராசரி நேரப்படி எடுக்கப்படுகின்றன. மழையளவோ திட்ட நேரம் காலை 8 மணி 30 நிமிடத்துக்கு எடுக்கப்படுகிறது. ஒரே முற்றத்தில், ஒரே ஊழியர், இரண்டு வகை நேரங்களைக் கையாளுகிறார். அந்த அறிவு அளவீட்டுப் புத்தகத்தில் இருக்கிறது; அவ்வெண்கள் கணிப்பொறிக்குள் செல்லும்போது அந்த அறிவு மட்டும் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

இடத்தைப் பற்றி மிகுதியாகக் கவலைப்படுகிறோம் என்றேன். அதற்குக் காரணம் உண்டு. கைப்பேசி ஒருவனது இருப்பிடத்தை ஐந்து, ஆறு தசம இலக்கங்களுடன் காட்டுகிறது. அவ்விலக்கங்கள் துல்லியத்தின் தோற்றத்தைத் தருகின்றன. கிழக்கு மேற்காக நூறு மீட்டர் பிழை நேர்ந்தால் சூரிய நேரத்தில் வரும் மாற்றம் நமது அட்சரேகைகளில் கால் விநாடி. பாகை, கலைகளில் உள்ள எண்ணைத் தசமமென்று கருதி இடுவது மற்றொரு பழக்கப்பட்ட தவறு. 13 பாகை 5 கலையை 13.05 என்று எழுதுவர். சரியான எண் 13.083. தேசப்படத்தில் இது மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிழை. நில அளவையாளர் இதை மன்னிக்கமாட்டார். ஆனால் தீர்க்கரேகையில் இதே தவறு மிக மோசமாக நேர்ந்தாலும் சூரிய நேரத்தில் ஒன்றரை நிமிடத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவே. கிழக்கு மேற்குக் குறி மாறிப்போவது இன்னும் பெரிய தவறு. இன்று பெரும்பாலான நிரல்கள் கிழக்கைக் கூட்டல் எண்ணாகக் கொள்கின்றன. மேற்கைக் கூட்டலாகக் கொண்ட வானியல் நூல்களும் உண்டு. குறி மாறினால் போபால் நகரம் பஹாமாஸ் தீவுகளை அடுத்த கடலில் போய் விழும். எனினும் இத்தகைய தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நள்ளிரவில் வெயில் அடிப்பதாகக் கணக்கு வந்தால் எவரும் விழித்துக்கொள்வர்.

விழிக்கச் செய்யாத பிழையே அஞ்சத்தக்கது. நம் நாட்டுக்கு அத்தகைய பிழை அரைமணி உருவில் வருகிறது.

உலகின் பெரும்பாலான நாடுகள் உலகப் பொது நேரத்திலிருந்து முழு மணிக் கணக்கில் விலகி நிற்கின்றன. நாம் ஐந்தரை மணி முந்தி நிற்கிறோம். முழு எண்ணை மட்டும் ஏற்கும் நிரலொன்றில் 5 என்று இட்டால் நிரல் மறுப்பேதும் சொல்வதில்லை. அதன் விளைவைப் பார்ப்போம். 20 பாகை வட அட்சரேகையில் உள்ள ஒரு நிலையத்தில், சமபகல் நாளன்று, மெய்யான சூரிய நேரம் காலை 7 மணி 30 நிமிடம் என்று கொள்வோம். அப்போது சூரியன் அடிவானத்துக்கு மேல் 21 பாகை உயரத்தில் இருக்கும். நிரலோ அதை 8 மணி என்று எண்ணி, 28 பாகை உயரத்தில் வைக்கும். கிடைத்தளத்தின் மேல் விழும் நேரடிக் கதிரின் கணக்கு, கதிர்வழியில் காற்றுமண்டலம் உண்டாக்கும் தேய்வைத் தவிர்த்துப் பார்த்தாலும், மெய்யளவைக் காட்டிலும் 30 சதவீதம் மிகும். பிற்பகலில் இதற்கு நேர்மாறாக, சூரிய நேரம் 4 மணியாக இருக்கையில் 23 சதவீதம் குறையும். காலையில் கூடியது மாலையில் குறைந்துவிடுவதால் நாள் மொத்தம் ஏறத்தாழ மாறுவதில்லை! மாதக் கணக்கைச் சரிபார்க்கும் மேலதிகாரி மொத்தத்தைப் பார்த்துக் கையொப்பமிடுகிறார். பிழை அங்கேயே தங்கிவிடுகிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒரு கிராமத்தில் சூரிய சக்தியால் இயங்கும் நீரிறைக்கும் பம்பு சரியாக இயங்கவில்லை என்று முறையீடு வருகிறது. பணியாளர் காலையில் சென்று தகட்டின் மின்விளைவை அளந்து, அவ்வேளைக்கு மென்பொருள் கூறும் அளவோடு ஒப்பிடுகிறார். மேற்சொன்ன அரைமணிப் பிழை அந்நிரலில் இருக்குமாயின், குறையற்ற தகடும் நாலில் ஒரு பங்கு குறைந்த மின்சாரம் தருவதாகத் தோன்றும். அதே பணியாளர் மாலையில் சென்றிருந்தால், பழுதுற்ற தகட்டுக்கும் நற்சான்று வழங்கியிருப்பார். உழவருக்கு எது கிடைக்கும் என்பது, பணியாளர் எந்தப் பொழுதில் வந்தார் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

மற்றொரு வகை நட்டம் மெல்ல வருவது. ஆகையால் அதைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். வெயில் நேரத்தைப் பதிவு செய்யும் காம்ப்பெல்–ஸ்டோக்ஸ் கருவியை நமது நிலையங்களில் நெடுநாள் பணியாற்றியோர் நன்கறிவர். கண்ணாடிக் கோளம் ஒன்று சூரிய ஒளியைக் குவித்து, அடியில் உள்ள அட்டையில் ஒரு கருங்கோட்டைச் சுட்டெரிக்கும். அதனை நிறுவும்போது ஊரின் அட்சரேகைக்கு ஏற்பச் சாய்த்து, தென்வடல் திசைக்குத் திருப்பி, சூரியன் உச்சியைக் கடக்கும் கணத்தில் எரிபுள்ளி அட்டையின் நண்பகற் கோட்டின்மேல் விழுமாறு அமைப்பர். எனவே அவ்வட்டையில் உள்ள மணிக்கோடுகள் யாவும் மெய்ச் சூரிய நேரம். அக்கருவிக்குக் கடிகாரமே தேவையில்லை. கதிர்வீச்சு அளவுகளிலும் இம்மரபு தொடர்ந்தது. அன்னா மாணி அம்மையார் 1980-இல் வெளியிட்ட இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேட்டில் மணிவாரி அட்டவணைகள் மெய்ச் சூரிய நேரப்படியே தரப்பட்டுள்ளன. இது தற்செயலன்று. சூரியனால் நிகழ்வதைச் சூரியனின் நேரத்தால் குறித்தால்தான் காலையும் மாலையும் சமச்சீராக அமையும். ஓர் ஊரை மற்றோர் ஊருடன் ஒப்பிட முடியும்.

இப்போது அட்டைக்குப் பதிலாக மின்னணு உணர்கருவியும் தானியங்கிப் பதிவியும் வந்துள்ளன. பதிவி கடிகாரத்தைக் கொண்டு எழுதுகிறது. அந்தக் கடிகாரம் திட்ட நேரத்திலோ உலகப் பொது நேரத்திலோ வைக்கப்பட்டிருக்கும். ஜோத்பூரை எடுத்துக்கொள்வோம். அதன் தீர்க்கரேகை 73 பாகை கிழக்கு. திட்ட நேரத்துக்கும் தல சராசரி நேரத்துக்கும் உள்ள இடைவெளி 38 நிமிடம். பிப்ரவரியில் நேரச் சமன்பாடும் சேர்ந்து 52 நிமிடமாகிறது. நவம்பரில் அது 22 நிமிடமாகச் சுருங்குகிறது. பழைய அட்டையில் 8 முதல் 9 மணிவரை என்ற கட்டமும், புதிய பதிவியில் 8 முதல் 9 மணிவரை என்ற கட்டமும் ஒரே பெயருடைய வேறு இரு பொழுதுகள். இரண்டையும் நேரத் திருத்தமின்றி ஒரே வரிசையில் ஒட்டினால், கருவி மாறிய ஆண்டிலிருந்து ஜோத்பூரின் காலை வெயில் குறைந்துவிட்டது, மாலை வெயில் கூடிவிட்டது என்று தோன்றும். ஓர் இளம் ஆராய்ச்சியாளர் அதற்குப் புழுதியையோ புகையையோ காரணமாக்கி ஒரு கட்டுரையும் எழுதிவிடக்கூடும். நாள் மொத்தத்தைப் பார்த்தால் இங்கும் எவ்வித ஐயமும் எழாது.

பழைய நேரங்கள் மென்பொருளின் உள்ளேயும் பதுங்கியிருக்கின்றன என்பது பலர் அறியாதது. இந்தியத் திட்ட நேரம் 1906 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரயில்வேக்கள் சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தைப் பின்பற்றின. அது கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. கல்கத்தா தன் தனி நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் தன் நேரத்தை 1955 வரையிலும் விடாமல் வைத்திருந்தன. போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளிவைக்கப்பட்டன. உலகெங்கும் கணிப்பொறிகள் பயன்படுத்தும் நேரவலயத் தொகுப்பில் இந்தியாவுக்குரிய பெயர் ‘ஏசியா/கொல்கத்தா’ என்பது. இவ்வரலாற்றின் பெரும்பகுதி அப்பெயருக்குள் பொதிந்து கிடக்கிறது. பைத்தான் மொழியில் நெடுங்காலமாக வழங்கிவந்த ஒரு நேரவலய நிரலகத்தை உரிய முறையில் அழைக்காவிட்டால், அது தொகுப்பின் முதல் வரியை எடுத்துக்கொண்டு 5 மணி 53 நிமிடம் என்று கணக்கிடும். அதாவது இன்றைய அளவீடு கல்கத்தாவின் பழைய தல நேரத்துக்குப் போய்விடும். 23 நிமிடப் பிழை! கூட்டிக் கழித்துப் பார்க்கும் பழக்கமில்லாதவர் அதைக் கண்டுபிடிப்பது அரிது. பழைய அளவீட்டுப் புத்தகங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் பணியில் உள்ளோர், 1942 முதல் 1945 வரையுள்ள பக்கங்களில் நிலையம் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தது என்பதைத் தனியே உறுதி செய்துகொள்வது நல்லது.

சூரிய நேரம் என்ற பெயரே போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாசா நிறுவனத்தின் ‘பவர்’ என்னும் தரவுத் தொகுப்பை நமது வேளாண் ஆய்வாளர் பலர் பயன்படுத்துகின்றனர். அதில் மணிவாரித் தரவுகளை உலகப் பொது நேரத்திலும் பெறலாம். தலச் சூரிய நேரத்திலும் பெறலாம். ஆனால் அங்குத் தலச் சூரிய நேரம் என்பது 15 பாகை அகலமுள்ள பட்டைகளாக உலகைப் பிரித்து, பட்டை முழுவதற்கும் ஒரே நேரத்தை வழங்கும் ஏற்பாடு. அப்பட்டைகளின் எல்லைகளுள் ஒன்று நமது 82½ பாகையிலேயே விழுகிறது. அதற்கு மேற்கே உள்ள ஊர்கள் 5 மணிப் பட்டையிலும், கிழக்கே உள்ளவை 6 மணிப் பட்டையிலும் சேர்கின்றன. மிர்சாப்பூர் வட்டாரத்தில் எல்லைக்கு இருபுறமும் உள்ள இரண்டு சிற்றூர்கள் ஒரே வெயிலில் காய்ந்தாலும், தரவில் அவற்றுக்கிடையே ஒரு மணி வேறுபாடு தென்படும். தொகுப்பின் மீது குறையில்லை. தன் முறையை அது விளக்கியே வைத்திருக்கிறது. விளக்கத்தைப் படிப்பவர் தாம் சிலர்.

பள்ளிகளில் பயன்படும் ஸ்டெல்லேரியம் போன்ற நிரல்கள் இவ்வகையில் மேலானவை. அதில் சராசரிச் சூரிய நேரம், மெய்ச் சூரிய நேரம் என இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். ஆசிரியர் இரண்டையும் மாற்றிக் காட்டி, திரையில் மணி தாவுவதை மாணவர்க்கு ஒரே நிமிடத்தில் விளக்கிவிடலாம். கரும்பலகையில் அரைமணி பேசினாலும் இத்தெளிவு வாராது.

மணிக்குறியின் பொருளும் ஆராயத்தக்கதே. கட்டட வெப்பக் கணக்குக்குப் பயன்படும் வானிலைக் கோப்புகளில் ‘மணி 1’ என்பது நள்ளிரவு முதல் ஒரு மணிவரையுள்ள பொழுது. வேறு தொகுப்புகளில் பொழுதின் தொடக்கமே அதன் பெயராகும். பதிவிகள் பல, இடைவெளியின் முடிவில் முத்திரையிடுகின்றன. சூரியனின் நிலையை இடைவெளியின் நடுவுக்குக் கணக்கிடுவதே முறை. இல்லையேல் மீண்டும் அதே அரைமணி.

இவற்றுக்குத் தீர்வாகச் சிலர், நிலையக் கடிகாரங்களை எல்லாம் தலச் சூரிய நேரத்துக்கே மாற்றிவிடலாம் என்கின்றனர். அதனை ஏற்பதற்கில்லை. மனிதர் பேருந்துக்கும் அலுவலகத்துக்கும் திட்ட நேரத்தைப் பார்க்கின்றனர். அளவீட்டுக்கு மட்டும் வேறு கடிகாரம் வைத்தால் பிழை பெருகுமேயன்றிக் குறையாது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி முந்திய ‘பாகான்’ நேரம் வழங்குவது உண்மை. அது தோட்டத்து வாழ்க்கை முழுவதையும் தழுவிய ஏற்பாடு என்பதால் நிலைத்தது. நாட்டுக்கு இரண்டு நேரவலயம் வேண்டும் என்று தேசிய இயற்பியல் ஆய்வகத்து விஞ்ஞானிகள் 2018-இல் முன்வைத்த கருத்து தனியே விவாதிக்கத்தக்கது. அது நடைமுறைக்கு வந்தாலும் சூரிய நேரக் கணக்கு ஒழியப்போவதில்லை. களத்தில் எடுத்த எண் கடிகாரம் காட்டியவாறே, அழிக்கப்படாமல் இருக்கவேண்டும். மாற்றம் பின்னர், கணிப்பொறியில், சான்றோடு நடைபெறட்டும். நாம் கேட்பது ஒன்றே. ஒவ்வோர் அளவீட்டுத் தாளின் தலைப்பிலும் நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றோடு, ‘எந்த நேரம்’ என்பதும், முத்திரை பொழுதின் தொடக்கத்துக்கா முடிவுக்கா என்பதும் எழுத்தில் இடம்பெறவேண்டும். ‘11 மணி’ என்று மட்டும் எழுதிய பதிவு, அலகு எழுதாத எடையைப் போன்றது.

நிரலாளரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இடத்தையும் நேரவலயத்தையும் பயனர் இட்டவுடன், ‘இன்று இவ்விடத்தில் சூரிய உச்சி இத்தனை மணிக்கு’ என்ற ஒரு வரியைத் திரையில் காட்டினால் போதும். தில்லியில் அமர்ந்து திப்ரூகரின் தரவைக் கையாள்பவருக்கு, நிரல் அலுவலகத்தின் இருப்பிடத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டுவிட்டது என்பதை அந்த ஒரு வரி உணர்த்திவிடும்.

நிரல் காட்டாவிட்டாலும் நாமே சோதித்துக்கொள்ளலாம். சமதளத் தரையில் ஒரு கோலைத் தூக்குநூல் கொண்டு செங்குத்தாக நிறுத்துக. நமது பழைய சித்தாந்த நூல்கள் சங்கு என்று கூறுவது இதுவே. உச்சிவேளையில் நிழலின் நீளம் மிக மெதுவாக மாறுவதால், நிழல் மிகக் குறுகிய கணத்தை நேரே கண்டறிய முயல்வது வீண். அதற்குப் பதிலாகக் கோலின் அடியை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து, முற்பகலில் நிழல் முனை வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் மணியையும், பிற்பகலில் தொட்டு வெளியேறும் மணியையும் குறித்துக்கொள்க. இரண்டுக்கும் நடுவான மணியே சூரிய உச்சி. இரண்டு மூன்று வட்டங்கள் வரைந்து சராசரி கண்டால் ஒரு நிமிடத்துக்குள் விடை வரும். மேகம் ஒரு வட்டத்தைக் கெடுத்தாலும் மற்றது உதவும். பெங்களூரில் நிழலில்லா நாளாகிய ஏப்ரல் 24, 25 தேதிகளில் இது 12 மணி 17 அல்லது 18 நிமிடமாக அமையும். அந்நாளில் பள்ளி முற்றத்தில் 12 மணிக்கே மாணவரைக் கூட்டிவைத்து, நிழல் இன்னும் மறையவில்லையே என்று திகைக்கும் ஆசிரியர்கள் இன்றும் உள்ளனர். நிரல் கூறும் உச்சி நேரத்தையும் வட்டம் கூறும் நேரத்தையும் அருகருகே எழுதிப் பார்க்க. வேறுபாடு 30 நிமிடமாயின் நேரவலயத்தையும், 23 நிமிடமாயின் நிரலகத்தின் பழைய கல்கத்தா நேரத்தையும் ஐயுறலாம். ஊரின் தீர்க்கரேகைத் திருத்தத்துக்கு ஈடான வேறுபாடு வந்தால், நிரல் திட்ட நேரத்தையே சூரிய நேரமாகக் கொண்டுவிட்டது எனலாம். ஆனால் நேரச் சமன்பாடு விடுபட்டிருப்பதை ஏப்ரல் நடுவிலோ செப்டம்பர் முதல் நாளிலோ செய்யும் சோதனை காட்டாது. அதற்கு நவம்பர் முதல் வாரத்தில் ஒரு முறையும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒரு முறையும் கோலை நட்டுப் பார்க்கவேண்டும். நாட்டின் பெரும்பகுதியில் அவ்விரு காலங்களிலும் வானம் தெளிவாகவே இருக்கும்.